ஒண்ணும் ஆகாது என்று சொல்லாதவர்

2023 மே மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. காற்றும் இல்லை. மதுரை காளவாசலில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. என் வலது கையில் ஒரு கட்டைப் பை, அதற்குள் மகளுடைய கணினிப் பெட்டி. இடது கையில் பழைய துண்டில் சுற்றிய கிராபிக்ஸ் கார்டு. ஆட்டோ நின்ற இடத்திலிருந்து அந்தக் கடைக்கு நூற்றுப் பன்னிரண்டு காலடி. நடுவில் இரண்டு முறை பையை இறக்கி வைத்தேன்.

கடை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிப்போன இடம் அது. உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்துகொண்டே வரும், கடைசியில் உட்கார்ந்தால்தான் தலை இடிக்காது. அந்தக் கடைசியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். மேலே யாராவது படி ஏறினால் அவர் தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் போகும். அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

பெயர் எனக்குத் தெரியாது. கடைக்குப் பலகை கிடையாது. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் படிக்கட்டு அக்கா. என்னைவிட இருபத்தாறு வயது சிறியவரை அக்கா என்று அழைக்க வாய் வராமல் நான் கடைசிவரை “ஏம்மா” என்றே கூப்பிட்டேன்.

பையை மேஜைமேல் வைத்துவிட்டு முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டேன்:

“இந்தக் கார்டை இதுல போட்டா ஒண்ணும் ஆகாதுல்லம்மா?”

அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே குனிந்து மோந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாரே, அதுபோல அவருக்கு அது முதல் வேலை. பிறகு துண்டைப் பிரித்துக் கார்டை எடுத்து, அதன் தலைப்பக்கத்தில் இருந்த ஆறு துளைகளைத் திருப்பிப் பார்த்தார்.

நான் மறுபடி கேட்டேன். அவர் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டு நேரக்காப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், எத்தனை மணிக்கு வெளியேறியது என்று எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எழுதாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணுகிறவனுக்குப் பயம் அதிகம். ஒன்று குறைந்தால் தெரிந்துவிடும் அல்லவா. அதனால் மற்றவர்கள் “ஒண்ணும் ஆகாது சார்” என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். டாக்டர் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் போடுகிறவர் சொல்லியிருக்கிறார். மொட்டைமாடிச் சுவரில் விரிசலைக் காட்டியபோது கொத்தனார் சொல்லியிருக்கிறார். மதுரையில் இந்த வார்த்தையைக் காசு கொடுக்காமலே வாங்கலாம், கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. இவர் ஒருவரிடம்தான் அது இல்லாமல் போயிற்று.

எனக்கு அது அன்று அவசரமாக வேண்டியிருந்தது. என் மகளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவனைப் பிரிந்து விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். கட்டப்போகிற வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கணினியில் செய்து காட்டுவது அவள் தொழில். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே செய்யட்டுமா என்று நான் அவளைக் கேட்கவைத்தேன். அவர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்குள் நடந்துபோவதுபோல ஆறு நிமிட வீடியோ. இருபத்தொன்பதாம் தேதிக்குள் முடித்துக் காட்டினால் வீட்டிலிருந்தே தொடரலாம். இல்லையென்றால் கோவைக்கு வந்து உட்கார வேண்டும்.

எங்கள் கணினி ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழையது. அதில் ஒரு விநாடி வீடியோ உருவாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆறு நிமிடத்துக்கு இருபத்திரண்டரை நாள். கையில் இருந்ததோ பன்னிரண்டு. கார்டு போட்டால் மூன்றே நாளில் முடியும் என்றாள் மகள். என் மனைவிக்கு நுரையீரல் பழுது. இரவு முழுவதும், பகலில் பாதியும் ஆக்சிஜன் மிஷின் மூக்கில் இருக்கும். மகள் போய்விட்டால் வீட்டில் நான், மனைவி, அந்த மிஷின். ஆகவே மகள் போகக் கூடாது. அதற்கு அந்தப் பெட்டி ஓட வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. பழைய கார்டு விற்ற பையன் கூடவே ஒரு இணைப்பு ஒயர் கொடுத்திருந்தான். ஹார்டு டிஸ்குக்குப் போகிற மெலிந்த பிளக்கிலிருந்து மின்சாரத்தை எடுத்துக் கார்டின் ஆறு துளைக்குக் கொடுக்கும் ஒயர். ஒரு தாளில் கூட்டலும் போட்டு வைத்திருந்தேன். பெட்டிக்குள் இருக்கிற பவர் சப்ளை 240 வாட். பிராசசருக்கு 65, கார்டுக்கு 120, மீதி எல்லாவற்றுக்கும் 40. மொத்தம் 225. பதினைந்து மிச்சம். தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை முழுதாகப் படித்தார். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும், என் தாள்களை யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

“சார் எங்க வேலை பாத்தீங்க?”

சொன்னேன்.

“ஒரு பஸ்ஸுல ஐம்பத்தஞ்சு சீட்டு. ஐம்பத்தஞ்சு பேரும் பின்படியிலயே நின்னா?”

“படி ஒடியும்.”

“சீட்டுக் கணக்கு சரியாத்தான இருக்கு.”

அவர் விளக்கியது இதுதான். 240 என்பது மொத்தம். அது பல வழியாகப் பிரிந்து போகிறது, ஒவ்வொரு வழிக்கும் ஓர் அளவு உண்டு. ஹார்டு டிஸ்க் பிளக் என்பது பின்படி. அதன் வழியாகக் கார்டுக்கு வேண்டிய மின்சாரத்தை இழுத்தால் பிளக் சூடாகும், பிளாஸ்டிக் இளகும், பிறகு தீ. அதோடு நான் எழுதிய 120 கார்டு சீராக ஓடும்போதுதான். வேலையின் நடுவே அது திடீரென்று பாயும், அந்தக் கண நேரத்தில் பதினைந்து மிச்சம் காணாமல் போகும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் கட்டிங் பிளேயரை எடுத்து, என் இணைப்பு ஒயரை இரண்டாக நறுக்கிக் கூடையில் போட்டார்.

என்னைக் கேட்கவில்லை. அது என் பொருள் என்றேன்.

“ஆமா சார். உங்க பொருள்தான். உங்க வீட்டுலதான் எரியும்.”

தலைக்கு மேல் சுவரைக் காட்டினார். ஆணிகளில் செத்துப்போன பவர் சப்ளைகள் தொங்கின. பதினான்கு. ஒவ்வொன்றிலும் நூலில் ஓர் அட்டை. அது சாகும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போயிற்று என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒன்றில் “மதர்போர்டு”. ஒன்றில் “மதர்போர்டு, டிஸ்க், பத்து வருட கல்யாண போட்டோ”. ஒன்றில் “ஜன்னல் திரை” என்று மட்டும்.

கோபத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முப்பத்தெட்டுக் காலடிவரை நடந்தேன். காளவாசலில் கணினிக் கடைக்குப் பஞ்சமில்லை. அடுத்த கடையில் கேட்டேன், “போட்டுருவோம் சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். அவ்வளவு ஏங்கிய வார்த்தை. ஆனால் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை. அட்டையில் எழுதியிருந்த ஜன்னல் திரைதான் கண்முன் நின்றது. சொல்லாத ஒருவரைப் பார்த்துவிட்ட பிறகு சொல்கிறவர்களை நம்ப முடியாமல் போயிற்று. கார்டு விற்ற பையனுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். கார்டைத் திருப்ப வழியில்லை, போட வழியில்லை, நாள் ஒன்று போய்விட்டது. அதே முப்பத்தெட்டுக் காலடி திரும்பி நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கி மறுபடி திறந்து, பெரிய பவர் சப்ளைதான் வழி என்றார். அதிலும் ஒரு சிக்கல். கடையில் விற்கிற சப்ளைக்கு இருபத்து நாலு கால் பிளக். இந்த அலுவலகப் பெட்டியின் போர்டுக்குப் பதினாலு கால். நடுவில் மாட்ட ஒரு ஒயர் வேண்டும், சென்னையிலிருந்து வர வேண்டும், வருகிற புதன்கிழமை ஆகும். நான் விரல்விட்டு எண்ணினேன். புதன் வந்தால் ஐந்து நாள் மிஞ்சும். மூன்று நாள் வேலை. இரண்டு நாள் கையிருப்பு.

அந்த ஒரு வாரமும் தினமும் போனேன். போய் என்ன ஆகப்போகிறது என்று தெரியும், வீட்டில் இருக்க முடியவில்லை. கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எனக்கென்று ஆயிற்று. அங்கே உட்கார்ந்துதான் அவரை முழுதாகப் பார்த்தேன்.

ஒருவர் கொண்டுவந்த பெட்டியை மோந்துவிட்டு, “பூஜை ரூம்லயா வெச்சிருக்கீங்க?” என்றார். வந்தவர் வெலவெலத்துப்போனார். உள்ளே விசிறியில் சாம்பிராணித் தூள் அப்பிக் கிடந்தது. இன்னொரு நாள் கல்யாண வீடியோ எடுக்கிற இளைஞர் ஒருவர் பெரிய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து, பழைய சப்ளையிலேயே போடச் சொன்னார். “ஒண்ணும் ஆகாதுக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார். படிக்கட்டு அக்கா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். அந்த அறையில் இரவு யார் யார் படுப்பார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். இளைஞர் அம்மா பெயரை எழுதி, தங்கை பெயரில் பாதியில் நிறுத்தினார். “சரி, பெரிய சப்ளையே போடுங்கக்கா” என்றார்.

பெட்டியைச் சரிசெய்தால் உடனே தர மாட்டார். முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு பகல் வைத்திருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் பார்ப்பதுபோல. உள்ளங்கை உழைச்சுக் காய்ச்சுப்போச்சு, அதுக்குச் சூடு தெரியாது என்பார். எதிரே டீக்கடை மாஸ்டர் இதை வைத்தே லந்து செய்வார். “யக்கா, என் டீயையும் ஒரு நா முழுக்க வெச்சிருந்துட்டுத்தான் குடிப்பியா?”

மாஸ்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். இந்த அம்மா ஏன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்லை? ஏதோ நடந்திருக்க வேண்டுமே. மாஸ்டரிடம் மூன்று கதைகள் இருந்தன. ஒன்றில் கணவர் ஷாக் அடித்து இறந்தார். ஒன்றில் பிரவுசிங் சென்டர் ஒன்று எரிந்தது. மூன்றாவதில் இரண்டுமே. நான் நேராக அவரிடமே கேட்டுவிட்டேன்.

“வீட்டுக்காரரு நல்லா இருக்காரு சார். செல்லூர்ல தறி ஓட்டுறாரு” என்றார். “ஒரு காரணமும் இல்ல. எனக்குத் தெரியாததச் சொல்ல வாய் வரல. அம்புட்டுத்தான்.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காரணம் இருந்திருந்தால், அந்தப் பயத்தில் பேசுகிறார் என்று கழித்துவிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை என் பேச்சில் ஆக்சிஜன் மிஷின் வந்துவிட்டது. அவர் கை நின்றது. கணினியும் அதுவும் ஒரே லைனா என்று கேட்டார். ஒரே ஜங்ஷன் பாக்ஸ் என்றேன். அன்று மாலை ஐந்து மணிக்குத் தன் ஸ்கூட்டரில் விளாங்குடிக்கு வந்துவிட்டார். கையில் ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டின் ஒரு துளையில் ஓர் ஒயரையும் மேல்துளையில் மற்றதையும் வைத்தார். பல்பு எரியவில்லை. மேல்துளை என்பது எர்த். கசிகிற மின்சாரம் பூமிக்குப் போகிற வழி. எங்கள் வீட்டில் அந்த வழியே இல்லை. இருபத்தேழு வருடமாக இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, மிஷினின் மூன்று கால் பிளக் சரியாக நுழையவில்லை என்று நானே அரம் போட்டு எர்த் காலை ராவி எடுத்திருந்தேன். ஒழுங்காக, பிசிறு இல்லாமல் ராவியிருந்தேன். அதை அவர் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு மகளுடைய அறைக்குப் போனார். ஜன்னலை மறைத்து ஓர் இரும்பு பீரோ. தூசி வருகிறது என்று நான்தான் போட்டு வைத்தேன்.

“இங்கயா நாள் பூரா இருக்கீங்க?” என்று மகளிடம் கேட்டார்.

“ஆறு வருஷமா” என்றாள் மகள்.

கார்டு ஓடும்போது அனல் கக்கும், காற்றுப் போக வழி வேண்டும், பீரோவை எடுங்கள் என்றார். நாங்கள் மூவரும் அதைத் தள்ளி, வேறு இடமில்லாததால் மனைவியின் கட்டிலுக்கு அருகில் போட்டோம். ஜன்னல் திறந்தது. மகள் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. உட்காரச் சொல்லிக் கேட்டாள்: “எல்லாரும் எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாங்க. நீ என்னம்மா சொல்ற?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இதற்காவது சொல்வார் என்று நினைத்தேன்.

“எனக்குக் கம்ப்யூட்டரே முழுசாத் தெரியாதும்மா” என்றார். “மூச்சு வாங்குறப்ப எந்தப் பக்கம் சாஞ்சா லேசா இருக்கு?”

இடது பக்கம் என்றாள் மனைவி. அந்தப் பக்கம் சாய்ந்தால் குழாய் தலையணைக்கு அடியில் மடங்குகிறது என்பதை அவர் பார்த்துச் சொன்னார். குழாயைச் சுற்றிவிட்டு மறுபக்கமாகக் கொண்டுவந்தார். மூன்று வருடமாக அந்தக் குழாயைத் தினம் நான்தான் மாட்டுகிறேன்.

போகும்போது வாசலில் சொன்னார். எர்த் போட்டு, மிஷினுக்குத் தனி லைன் இழுக்காமல் கணினியைத் தர மாட்டேன் என்று. லைன் இழுக்க மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்தால் மிஷின் நிற்கும். இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அதுவும் இதே ஒயரில்தான் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. “ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பொட்டியக் குடும்மா, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டேன். எழுபத்தொரு வயதில். அவர் ஸ்கூட்டரை உதைத்தபடி, ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை நானும் வாரேன் என்றார்.

ஞாயிறு, மே இருபத்தொன்று. சொன்னபடி படிக்கட்டு அக்காவும் வந்திருந்தார். காலை ஒன்பது பத்துக்கு மெயினை அணைத்தோம். மனைவியின் மூக்கில் சிலிண்டர் குழாய். நாலு மணி நேரம் தாங்கும் என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியன் நடுத்தர வயதுக்காரர், வேலை தெரிந்தவர். கொல்லைப்பக்கம் முதல்நாளே குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியாயிற்று. இன்று சுவருக்குள் புது ஒயர் இழுப்பது மட்டும்தான். ஒவ்வொரு போர்டாகத் திறந்து பழைய ஒயரை வெட்டிவிட்டார். பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி மறுமுனையில் இழுத்தால், பழையது வெளியே வர, புதியது உள்ளே போகும். பதினொன்று ஐம்பதுக்குச் சுவருக்குள்ளேயே பழைய ஒயர் அறுந்தது.

எலக்ட்ரீஷியன் மறுபக்கத்திலிருந்து ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தார். பாதியில் முட்டி நின்றது. பன்னிரண்டு நாற்பதுக்குச் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டது. நாலு மணி நேரம் என்றவர் எந்தக் கணக்கில் சொன்னாரோ, மூன்றரைக்கே தொட்டுவிட்டது. மனைவி கண்ணை மூடி இடது பக்கமாகச் சாய்ந்திருந்தாள். மகள் அவள் கையைப் பிடித்திருந்தாள். வேறு சிலிண்டருக்குப் போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை.

“மெயினப் போட்டுருவம்” என்றார் எலக்ட்ரீஷியன். “ஹால் பிளக்குல இருந்து நீட்டு ஒயர் இழுத்து மிஷினுக்குக் குடுத்துருவம். வெட்டுன முனையெல்லாம் டேப் சுத்தியாச்சு. ஒண்ணும் ஆகாதுக்கா.”

நான் மெயினுக்கு ஓடினேன். கை சுவிட்சின்மேல் இருந்தது.

“கைய எடுங்க சார்” என்றார் படிக்கட்டு அக்கா.

நான் எடுக்கவில்லை. என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. உன் பொட்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம், என் பெண்டாட்டி மூச்சு நிற்கப்போகிறது என்று கத்தியிருக்கிறேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “காலைல போர்டத் தொறந்தப்ப வெட்டுன முனை எத்தனை? நீங்க எண்ணியிருப்பீங்க.”

“எட்டு.”

எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். “அண்ணே, டேப் சுத்துனது?”

எலக்ட்ரீஷியன் விரல் மடக்கி ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். ஏழு. மறுபடி போனார். ஏழுதான். என் கை தானாகக் கீழே இறங்கியது. ஒன்பது பத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் கண்ணில் ஓட்டிப் பார்த்தேன். ஹாலில் இரண்டு, மகள் அறையில் மூன்று, நடையில் ஒன்று, மனைவி அறையில் இரண்டு. ஒயர் இழுக்க இடம் வேண்டுமென்று பத்தேகாலுக்கு பீரோவைச் சுவரோடு தள்ளினோம்.

பீரோவை நகர்த்தினோம். எட்டாவது முனை அதன் பின்தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பு பளபளவென்று தெரிந்தது. பீரோ அங்கே வந்த இரண்டு நாளாக அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்திருப்பாள்.

எலக்ட்ரீஷியன் அதற்கு டேப் சுற்றினார். படிக்கட்டு அக்கா தன் கையால் எட்டையும் தொட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு நான் மெயினைப் போட்டேன். மிஷின் உறுமியது. அந்தச் சத்தத்தை மூன்று வருடமாக வெறுத்து வந்தவன் நான்.

மாலைக்குள் லைன் முடிந்தது. குண்டு பல்பை வைத்துப் பார்த்தார், பிரகாசமாக எரிந்தது. அப்போதும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. மாதம் ஒருமுறை குழியில் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க என்றார்.

புதன்கிழமை ஒயர் வந்தது. பதினாலு கால் ஒரு பக்கம், இருபத்து நாலு ஒரு பக்கம், இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். வியாழன் பூராவும் முழு வேகத்தில் ஓடவிட்டுப் புறங்கையால் தொட்டுக்கொண்டே இருந்தார். என்னையும் தொடச் சொன்னார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வியாழன் மாலை ஆறு இருபதுக்குப் பெட்டியைத் தந்தார். ஞாயிறு இரவு வீடியோ முடிந்தது. திங்கள் காலை மகள் அனுப்பினாள். வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மறுநாள் பதில் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள், கோயம்புத்தூருக்கே போகிறேன் என்று.

“வீட்டுல இருந்தே செய்யலாம்னுட்டாங்களே?” என்றேன்.

“செய்யலாம்னாங்கப்பா. செய்யணும்னு சொல்லல.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. “என்னப் பாத்துக்க நீங்க இருக்கீங்க” என்றாள், மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்தி. “அவள இங்க யாரு பாத்துக்கிட்டா?”

எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. பெட்டியை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று படிக்கட்டு அக்காவிடம் கேட்டுவிடுவோம் என்று மகளை அழைத்துப் போனேன். அவர் எதற்கும் ஒண்ணும் ஆகாது என்று சொல்ல மாட்டார். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் போனேன். அது எனக்கு நன்றாகத் தெரியும், இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

“இம்புட்டு தூரம் பஸ்ல போனா உள்ள இருக்கதெல்லாம் ஆடிப்போகுமேம்மா. அந்தக் கார்டு வேற கனம். ஆபத்துத்தான?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மேலே யாரோ படியேறிப் போனார்கள்.

“ஆடும்” என்றார். “ஆடுறதக் கழட்டிரலாம்.”

ஒரு திருகு, ஒரு கொக்கி. கார்டு கையோடு வந்துவிட்டது. ஒரு பழைய அட்டைப் பெட்டியில் காகிதம் வைத்து அதைப் பொதிந்து மகள் கையில் கொடுத்தார். இதை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், பெட்டியைச் சீட்டுக்கு அடியில் படுக்க வைக்கலாம் என்றார். அங்கே போனதும் எப்படி மாட்டுவது என்று மகளையே இரண்டு முறை மாட்டிக் கழற்றவைத்தார். புது வீட்டில் முதலில் எர்த் பார்க்கச் சொன்னார். குண்டு பல்பையும் ஒயரையும் சுற்றி அதே பெட்டிக்குள் வைத்துவிட்டார். நன்றாக இரு என்றுகூடச் சொல்லவில்லை.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது படிக்கு அடியில் ஜூஸ் கடை இருந்தது. டீ மாஸ்டரிடம் இந்த முறை இரண்டு கதைகள் இருந்தன. நான் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவி இடது பக்கம் சாய்ந்துதான் தூங்குகிறாள். மாதம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

2023 ஆகஸ்ட் மாதம் ஒரு விடியற்காலையில் ஆரப்பாளையத்தில் மகளைக் கோவை வண்டியில் ஏற்றிவிட்டேன். முப்பத்தோரு வருடம் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பிய இடம். அன்று அந்த வண்டி ஒரு நாலு நிமிடமாவது தாமதமாகக் கிளம்பாதா என்று நின்றுகொண்டிருந்தேன். நேரத்துக்கே கிளம்பியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் அட்டைப் பெட்டி. சீட்டுக்கு அடியில் கணினி. கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போட்டார், நானே கொடுக்கிறேன் என்று கொடுத்தேன்.

அவள் என்னோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த செலவில் கார்டு, பவர் சப்ளை, ஒயர், எர்த் குழி, தனி லைன், ஒருநாள் சிலிண்டர் எல்லாம் அடக்கம். கடைசியாக நூற்று இருபது ரூபாய் லக்கேஜ் டிக்கெட்டையும் சேர்த்தால், மொத்தம் இருபத்தாறாயிரத்து ஐந்நூற்று எழுபது ரூபாய்.